குசினி வாசலில் நின்று: பிளாக் மவுண்டன் கல்லூரி பற்றிச் சில குறிப்புகள்

1

கடந்த இதழில் நண்பர் ஒருவர் அமெரிக்காவின் பிளாக் மவுண்டன் கல்லூரி பற்றி எழுதியிருந்த கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். முதல் தடவை இரவுவேலை முடிந்து வந்து, உடுப்பும் மாற்றாமல் வாசித்தேன். சந்தோஷமாக இருந்தது. இரண்டாம் தடவை ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆறுதலாக வாசித்தேன். கோபம் வந்தது. அந்தக் கோபம் நண்பர் மீது மட்டும் வந்ததல்ல, என்மீதும் வந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நண்பரின் வாதத்தைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: ஆசிரியரும் மாணவரும் ஒரே மேசையில் சாப்பிட்டு, ஒரே தோட்டத்தில் வேலைசெய்து, புள்ளிகளுக்குப் பயப்படாமல் படித்த கல்லூரி அது. ஹிட்லருக்குத் தப்பிவந்த அகதிகளுக்குக் கதவு திறந்தது. மூளைவேலைக்கும் கைவேலைக்கும் இடையிலான சுவரை இடித்துக் காட்டியது. ஆகவே புலம்பெயர்ந்த நாங்கள் எமது பிள்ளைகளுக்கு நடத்துகின்ற சனிக்கிழமைப் பள்ளிகளையும், நாளைக்கு இங்கேயோ ஊரிலேயோ தொடங்கக்கூடிய எந்தக் கல்விக்கூடத்தையும் அதன் வழியில் அமைக்கவேண்டும்.

இதில் மூன்றில் இரண்டு பங்கை நான் ஏற்றுக்கொள்கிறேன். மிச்சப் பங்கு அந்தச் 'சுவர்' என்ற சொல்லில் இருக்கிறது. நான் எமது நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் பன்னிரண்டு வருடம் கணிதம் படிப்பித்தவன். 2008இல் நோர்வேக்கு வந்தேன். வந்த வருடத்தின் கடைசியிலிருந்து மீன் பதனிடும் தொழிற்சாலையில் நிற்கிறேன். சல்மன் மீனின் சதைத்துண்டில் இயந்திரம் விட்டுவிட்ட முள்ளைக் குறட்டால் பிடுங்குவது எனது வேலை. இதை அனுதாபம் தேடிச் சொல்லவில்லை. அந்தச் சுவரின் இரண்டு பக்கமும் நின்றவன் என்ற முறையில், அது இடிந்ததா இல்லையா என்று கேட்க எனக்கு ஓர் உரிமை உண்டு என்பதற்காகச் சொல்கிறேன்.

2

நண்பரின் கட்டுரையில் பிரபலங்களின் பெயர்கள் நிறைய வருகின்றன. ஜோன் கேஜ், மேர்ஸ் கனிங்ஹாம், பக்மின்ஸ்டர் ஃபுல்லர் என்று ஒரு நீண்ட பட்டியல். இவர்கள் பெரும்பாலும் கோடைகால அமர்வுகளுக்கு வந்து போனவர்கள். ஒரு கல்லூரியை அதன் கோடைத் திருவிழாவை வைத்து மதிப்பிடுவது, ஒரு வீட்டை அதன் கலியாண அல்பத்தை வைத்து மதிப்பிடுவது மாதிரி. மாரியிலும் பனியிலும் அங்கே மாணவர் எப்படி இருந்தார்கள் என்பதுதான் கேள்வி.

கலை, இலக்கியம், விஞ்ஞானம், தத்துவம் எல்லாவற்றையும் ஒருசேரப் படிப்பித்து, தொழிலுக்கு ஆள் தயாரிப்பதைவிட மனிதரைப் பயிற்றுவதே தமது நோக்கம் என்று சொல்கின்ற சிறிய கல்லூரிகள் அமெரிக்காவில் ஏராளம். அப்படியான ஒரு கல்லூரி புளோரிடாவில் உள்ள ரோலின்ஸ். 1933இல் அங்கிருந்து ஜோன் அன்ட்ரூ றைஸ் என்ற ஆசிரியர் நீக்கப்பட்டார். அவரும் அவரோடு வெளியேறிய சிலரும் சேர்ந்து அதே வருடம் நோர்த் கரோலைனா மலைப்பகுதியில், பிளாக் மவுண்டன் என்ற சிற்றூருக்கு அருகே இதைத் தொடங்கினார்கள். முதல் வருடம் மாணவர்கள் இருபது பேருக்குச் சற்று மேல். பின்னர்கூட நூறைப் பெரிதாகத் தாண்டியதில்லை. கட்டடம் வாடகைக்கு எடுத்தது. கோடையில் அதன் சொந்தக்காரருக்கு அது தேவைப்படும் என்பதால், ஒவ்வொரு வருடமும் புத்தகம், பியானோ, கட்டில் எல்லாவற்றையும் கட்டி ஒதுக்கிவைத்துவிட்டு வெளியேற வேண்டும். வாடகை வீட்டு வாழ்க்கை தெரிந்த எமது வாசகருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அன்றாடம் எப்படி இருந்தது? காலையில் வகுப்பு. பின்னேரங்களில் வேலை: விறகு வெட்டுவது, பாதை திருத்துவது, தோட்டம், மாடு. இரவில் மறுபடி வகுப்பு, அல்லது இசை, நாடக ஒத்திகை. கிழமை நாட்களில் வேலை உடுப்போடு திரிந்தவர்கள் சனிக்கிழமை இரவு நல்ல உடுப்பு உடுத்து வந்து ஆடுவார்கள். சாப்பாடு எல்லோருக்கும் ஒரே கூடத்தில், ஆசிரியர் குடும்பங்களும் மாணவரும் கலந்திருந்து. விடுதி அறையைப் பலரோடு பகிர்ந்தாலும், படிப்பதற்கு ஒவ்வொருவருக்கும் தனக்கென்று ஒரு சிறிய அறை. கட்டாயப் பாடம் எதுவும் இல்லை. வேறு கல்லூரிக்கு மாறிப்போகிறவருக்குத் தேவைப்படும் என்று புள்ளிகளை அலுவலகத்தில் குறித்து வைத்தார்கள். ஆனால் மாணவருக்கு அதைச் சொல்வதில்லை. படிப்பு முடிந்தது என்று மாணவர் தானே நினைக்கும்போது வெளியிலிருந்து ஒரு பரீட்சகர் வந்து சோதிப்பார். நிர்வாகம் ஆசிரியர்களின் கையில், அந்தச் சபையில் மாணவர் பிரதிநிதிக்கும் இடம்.

இது இலேசான வாழ்க்கை அல்ல. இருபத்துநான்கு வருடத்தில் அங்கே படித்தவர்கள் ஏறக்குறைய 1200 பேர், முறைப்படி பட்டம் பெற்று வெளியேறியவர்கள் அறுபது பேர் அளவில்தான். மற்றவர்கள் ஒரு வருடம், இரண்டு வருடம் இருந்துவிட்டுப் போனார்கள். இதை நண்பர் தோல்வியாகக் கருதவில்லை. நானும் கருதவில்லை. என்ன படிப்பது என்று யாரும் சொல்லாத இடத்தில் தன்னைத் தானே நடத்துவது பத்தொன்பது வயதில் சின்ன விடயமல்ல. இங்கே நான் ஓர் ஒப்புதல் வாக்குமூலம் கொடுக்கவேண்டும். நான் படிப்பித்த பன்னிரண்டு வருடத்தில் பத்து வருடம், நான் மாணவனாக இருந்தபோது எழுதியெடுத்த அதே குறிப்பைத்தான் கரும்பலகையில் திருப்பி எழுதினேன். மாணவர் அதை எழுதினார்கள், பாடமாக்கினார்கள், பரீட்சைத்தாளில் எனக்கே திருப்பித் தந்தார்கள். ஜேர்மனியில் பௌஹவுஸ் மூடப்பட்ட பிறகு 1933 நவம்பரில் பிளாக் மவுண்டனுக்கு வந்த ஜோசப் அல்பேர்ஸுக்கு ஆங்கிலம் அரைகுறையாகத்தான் தெரியும். அவர் காய்ந்த இலையையும் நிறக் கடதாசியையும் மாணவர் முன் வைத்து, முதலில் ஒழுங்காகப் பாருங்கள் என்றார். எனக்கு மாணவரின் மொழி முழுக்கத் தெரியும். நான் அவர்களை எதையும் பார்க்கச் சொன்னதில்லை.

ஆகவே கல்விமுறை பற்றி நண்பர் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. மறுப்பு வேலையைப் பற்றியது.

3

கட்டுரையின் உச்சம் 1940-41இல் மாணவரும் ஆசிரியரும் தமது கையால் கட்டிய படிப்புக் கட்டடம். வாடகை இடத்தைவிட்டு ஏரிக்கரையில் வாங்கிய காணிக்குப் போகவேண்டியிருந்தது. குரோப்பியஸும் புரோயரும் வரைந்து கொடுத்த திட்டத்துக்குக் காசு போதவில்லை. லோறன்ஸ் கோச்சர் என்ற கட்டடக் கலைஞர் எளிமையான ஒன்றை வரைந்தார். அத்திவாரம் வெட்டியது, சீமெந்து குழைத்தது, பலகை அடித்தது எல்லாவற்றிலும் மாணவர் நின்றார்கள். அந்தப் படங்களை நானும் பார்த்திருக்கிறேன். தள்ளுவண்டியோடு நிற்கும் அந்தப் பெண்பிள்ளைகளின் முகத்தில் உள்ள பெருமை உண்மையானது. அதைக் கேலிசெய்கிறவன் நானல்ல.

ஆனால் அந்தப் படங்களில் இல்லாத ஓர் இடம் உண்டு. அது குசினி. மாணவர் மேசை பரிமாறினார்கள், பீங்கான் கழுவினார்கள். ஆனால் நாளுக்கு மூன்று வேளை அத்தனை பேருக்கும் சமைக்கின்ற பொறுப்பு சம்பளத்துக்கு வைத்த சமையற்காரரிடம் இருந்தது. ஜாக் லிப்ஸி, ரூபி லிப்ஸி என்ற இருவர். கறுப்பினத்தவர். கல்லூரியில் எல்லோருக்கும் அவர்களைப் பிடித்திருந்தது என்றுதான் எழுதப்பட்டிருக்கிறது. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவர்கள் அங்கே வேலை தொடங்கிய காலத்தில், நோர்த் கரோலைனாவின் நிறவேறுபாட்டுச் சட்டத்தின் நிழலில், அவர்களுடைய பிள்ளை ஒன்று அந்தக் கல்லூரியில் மாணவராகச் சேர இடமிருக்கவில்லை. 

1944இல் கறுப்பின மாணவரைச் சேர்ப்பதா என்று கல்லூரி கூடிக்கூடி விவாதித்தது. நியாயம் எது என்பதில் பலருக்குக் குழப்பமில்லை, அயலவர் என்ன செய்வார்களோ என்ற பயம்தான் பெரிதாக இருந்தது. ஆசிரியர்கள் பிளவுபட்டார்கள். கடைசியில் அந்தக் கோடையின் இசைப் பயிலரங்குக்கு அல்மா ஸ்டோன் வில்லியம்ஸ் என்ற கறுப்பினப் பெண் மாணவியாக வந்தார். பாடசாலைகளில் நிறப்பிரிவினை சட்டவிரோதம் என்று அமெரிக்க உயர்நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 1954இல். அதற்குப் பத்து வருடம் முன்பே தென்மாநிலம் ஒன்றில் இதைச் செய்தார்கள் என்பது சின்னச் சாதனை அல்ல. நண்பர் இதை எழுதியிருக்கிறார், சரியாகவே எழுதியிருக்கிறார். நான் கேட்பது வேறு. அந்த விவாதம் நடந்த இரவுகளில், விவாதித்தவர்கள் எல்லோரும் யார் சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்கள்? குசினியில் நின்றவர்களின் அபிப்பிராயத்தை யாராவது கேட்டார்களா? கேட்டதாக நான் வாசித்த எதிலும் இல்லை.

'எல்லோரும் வேலைசெய்தார்கள்' என்ற வாக்கியத்தில் 'எல்லோரும்' யார் என்பதைக் கட்டுரை கேட்கவில்லை. விறகுவெட்டப் போகாமல் ஒருநாள் அறையில் கிடந்து கவிதை வாசித்த மாணவரால் பெரிய கேடு வராது. யார் வேலைக்கு வந்தார், யார் வரவில்லை என்ற சச்சரவு அங்கும் இருந்ததுதான். ஆனால் குசினியில் நிற்பவர் ஒருநாள் வராவிட்டால் கல்லூரி பசியோடு இருக்கும். இப்படி, விடமுடியாத வேலை சம்பளக்காரருக்கும் விடக்கூடிய வேலை மாணவருக்கும் போனது. பிறகு விடக்கூடிய வேலைக்குத்தான் 'கல்வி' என்ற பெயரும் கிடைத்தது.

எங்கள் தொழிற்சாலைக்கு ஒவ்வொரு கோடையிலும் பல்கலைக்கழக மாணவர் ஆறு கிழமை வேலைக்கு வருவார்கள். நல்ல பிள்ளைகள். போன வருடம் ஒரு பெடியன் போகும்போது, இது தனக்கு வாழ்க்கையில் பெரிய அனுபவம் என்று சொல்லி என் கையைப் பிடித்தான். நான் சிரித்தேன். அவனுக்கு அது அனுபவம், ஏனென்றால் அதற்கு ஒரு முடிவுத்திகதி இருந்தது.

4

அகதி ஆசிரியர்கள் பற்றி நண்பர் எழுதிய பகுதி என்னை மிகவும் தொட்டது. அதில் அவர் ஒரு வரியில் கடந்துபோன ஒருவரிடம் நான் நிற்கவேண்டும்: மக்ஸ் டேன்.

கணிதம் படித்தவர்களுக்கு அந்தப் பெயர் தெரியும். 1900ஆம் ஆண்டு ஹில்பேர்ட் உலகத்தின் முன் வைத்த கணக்குகளில் முதன்முதலில் தீர்ந்தவற்றில் ஒன்றைத் தீர்த்தவர் அவர், அதே வருடத்தில், தனது இருபதுகளின் தொடக்கத்தில். பிராங்பேர்ட்டில் பேராசிரியராக இருந்தவரை 1935இல் யூதர் என்பதால் நீக்கினார்கள். 1938 நவம்பரில் கைதாகி, சிறையில் இடமில்லை என்று விடப்பட்டார். பிறகு கொப்பன்ஹேகன், அங்கிருந்து நோர்வே. ட்ரொன்ட்ஹெய்மில் படிப்பித்தார். நான் வேலைசெய்யும் இடத்திலிருந்து பஸ்ஸில் போய்வரக்கூடிய நகரம் அது. 1940இல் ஜேர்மன் இராணுவம் இங்கேயும் வந்தது. அறுபது வயது தாண்டிய மனிதர், மனைவியோடு, சைபீரியா ஊடாக ரயிலில் ஜப்பானுக்குப் போய், அங்கிருந்து கப்பலேறி 1941 ஜனவரியில் அமெரிக்காவில் இறங்கினார். அங்கும் நிலையான வேலை இல்லை. ஒரு வருடம் இங்கே, ஒரு வருடம் அங்கே என்று மாறிமாறி, 1945இல் பிளாக் மவுண்டனுக்கு வந்தார். சம்பளம் மாதம் 40 டொலரும் தங்குமிடமும் சாப்பாடும். ஓவியம் படிக்க வந்த பிள்ளைகளுக்குக் கேத்திரகணிதம் படிப்பித்தார். தத்துவமும் கிரேக்கமும் படிப்பித்தார். மாணவரோடு மலையேறி நடந்தார். 1952இல் அங்கேயே இறந்தார். கல்லூரிக் காட்டுக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள்.

அகதிக்கு அந்தக் கல்லூரி கௌரவம் கொடுத்தது என்பதற்கு நண்பர் டேனைச் சாட்சியாக்குகிறார். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என்ன கௌரவம் அது? படிப்பிக்கிற கௌரவம். 40 டொலருக்கு ஆனாலும் அவர் படிப்பித்தார். யாரும் அவரைக் கைவேலையால் மீட்கவில்லை. எமது சங்கக் கூட்டங்களில் 'எந்த வேலையும் இழிவல்ல' என்று சொல்லி என்னைப் போன்றவர்களை ஆறுதல்படுத்துவார்கள். அப்படிச் சொல்கிறவர் பெரும்பாலும் அந்த வேலையைச் செய்யாதவர். இழிவல்ல என்பது எனக்குத் தெரியும். நான் இழந்தது கௌரவத்தை அல்ல, படிப்பிப்பதை.

டேன் தீர்த்த அந்தக் கணக்கையே இங்கே சொல்லிவிடலாம். ஒரே கனவளவுள்ள இரண்டு திண்ம உருவங்கள் இருந்தால், ஒன்றைத் துண்டுதுண்டாக வெட்டி, அந்தத் துண்டுகளைப் பொருத்தி மற்றதை எப்போதும் செய்துவிடலாமா? முடியாது என்று டேன் நிறுவினார். அளவு ஒன்றாயிருந்தும் ஒன்று மற்றதாகாத உருவங்கள் உண்டு. மாணவர் சீமெந்து குழைத்த மூன்று மணித்தியாலமும் சமையற்காரர் அடுப்படியில் நின்ற மூன்று மணித்தியாலமும் மணிக்கூட்டில் ஒரே அளவுதான்.

5

இப்போது என்மீது வந்த கோபத்துக்கு வருகிறேன்.

நான் படிப்பித்த வளாகத்தில் சிலகாலம் ஆண்கள் விடுதி ஒன்றுக்கு உதவிப் பொறுப்பாளராகவும் இருந்தேன். விடுதிக் குசினியில் சட்டிபானை கழுவ ஒருவர் இருந்தார். எனது தகப்பனாரின் வயது. அவர் சமைப்பதில்லை. சமைக்கும் சட்டியை அவர் தொடுவதில்லை, கழுவும் சட்டியைத்தான் தொடுவார். ஏன் என்பதை எமது வாசகருக்கு நான் விளக்கவேண்டுமா? அப்படியொரு விதி எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பத்தொன்பது வயதுப் பெடியள் அவரைப் பெயர் சொல்லி 'நீ' என்று கூப்பிட்டார்கள். அவர் அவர்களை 'தம்பி, நீங்கள்' என்றார். என்னை 'சேர்' என்றார். நானும் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டேன்.

ஒருமுறை கல்விசாரா ஊழியர் வேலைநிறுத்தம் வந்தது. குசினி பூட்டு. மாணவர் கூடி, நாங்களே சமைப்போம் என்றார்கள். எட்டு நாள் சமைத்தார்கள். விறகு கொத்தினார்கள், தேங்காய் துருவினார்கள், பாட்டுப் பாடினார்கள். பகிடிவதையில் விலகிநின்ற முதலாம் வருடத்தாரும் மூத்தவர்களும் ஒன்றாக இருந்து சாப்பிட்டார்கள். அந்த எட்டு நாளும் அந்த விடுதி பிளாக் மவுண்டன்தான். நான் மனம் நெகிழ்ந்து, உழைப்பின் மகத்துவத்தை மாணவர் உணர்ந்துவிட்டார்கள் என்று அறிவித்தல் பலகையில் ஒரு பக்கம் எழுதி ஒட்டினேன். அந்த வேலைநிறுத்தம் எதற்காக என்று அந்தப் பக்கத்தில் ஒரு சொல்லும் இருக்கவில்லை. 

ஒன்பதாம் நாள் ஊழியர் திரும்பி வந்தார்கள். குசினியின் பின்புறம் எட்டு நாள் சட்டியும் கிடாரமும் அடிப்பிடித்தபடி குவிந்து கிடந்தன. சமைக்க எல்லோரும் வந்தார்கள், கழுவ ஒருவரும் வரவில்லை. அந்த மனிதர் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தினார். நான் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு விரிவுரைக்குப் போனேன். அன்றைக்கு என்ன படிப்பித்தேன் என்பது நினைவில்லை. அடிப்பிடித்த கிடாரத்தைத் தேங்காய்ப் பொச்சால் உரஞ்சுகின்ற சத்தம் நினைவிருக்கிறது. இங்கே வந்த முதல் வருடம் துப்புரவுப் பகுதியில் போட்டார்கள். இரவு பதினொரு மணிக்கு மீன்செதில் ஒட்டிய பட்டியைத் தேய்த்துக் கழுவும்போதுதான் அவருடைய பெயருக்குப் பின்னால் 'அண்ணை' என்றோ 'ஐயா' என்றோ ஒருநாளும் நான் சேர்க்கவில்லை என்பது எனக்கு உறைத்தது.

6

பிளாக் மவுண்டன் 1957இல் மூடப்பட்டது. காசில்லை, மாணவர் குறைந்துவிட்டார்கள், காணியைத் துண்டுதுண்டாக விற்றார்கள். ஏன் மூடப்பட்டது என்பதைவிட, அங்கிருந்து நாங்கள் எதை எடுப்பது என்பதே எமக்குரிய கேள்வி. அதைக் கைவிடு என்று நான் சொல்லவில்லை. புள்ளிக்காகப் படிக்காத பிள்ளை, ஆசிரியரோடு ஒரே மேசையில் இருக்கும் பிள்ளை, நிர்வாகத்தில் வாக்குள்ள பிள்ளை, இவை எல்லாம் எமக்கு வேண்டும். ஆனால் கைவேலையை ஒரு பாடமாகச் சேர்த்துவிட்டால் சுவர் இடிந்துவிடும் என்று நண்பர் நம்புவதை என்னால் நம்பமுடியவில்லை. அந்த வேலையை வாழ்நாள் முழுக்கச் செய்கிறவருக்கு அந்தக் கூடத்தில் என்ன இடம், அவருடைய பிள்ளைக்கு எந்த வாங்கு, அவருடைய வாக்கு எங்கே என்று கேட்காதவரை, நாங்கள் இன்னுமொரு கோடைகால அனுபவத்தைத்தான் ஒழுங்குசெய்வோம்.

தூரத்தில் போய்ப் பார்க்கவும் வேண்டாம். எமது சனிக்கிழமைப் பள்ளியின் போன ஆண்டுவிழாவுக்கு நூற்றைம்பது பேருக்குச் சாப்பாடு. ஆறு பெண்கள் வெள்ளி பின்னேரம் தொடங்கிச் சமைத்தார்கள். அவர்களில் இருவர் அங்கே படிப்பிக்கிற ஆசிரியைகள். மேடையில் கல்வி பற்றிப் பேசியவர்கள் ஐந்து பேர், ஐவரும் ஆண்கள். அதில் நானும் ஒருவன். பேச்சுகள் முடியும்வரை அந்தப் பெண்கள் மண்டபத்துக்குள் வரவில்லை. வரமுடியவில்லை, சோறு ஆறிவிடும்.

அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவர இருக்கிறேன். சமையலும் கழுவலும் முறைவைத்து எல்லோருக்கும், பேச்சாளருக்கும் தலைவருக்கும் உட்பட. முறை தவறினவர் அந்த வருடம் மேடை ஏறக்கூடாது. சின்ன விடயம் என்று சிரிப்பார்கள் என்று தெரியும். நண்பர் அதே பள்ளியின் நிர்வாகத்தில் இருப்பவர். அவர் இதற்கு இந்தப் பக்கங்களிலேயே பதில் எழுதவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வாக்கெடுப்பு வரும்போது அவர் எந்தப் பக்கம் கை உயர்த்துவார் என்பதையும் சேர்த்து எழுதினால் நல்லது.